சமையல் மேடைச் சுவரும் மரக்காணத்து உப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மரக்காணம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சமையலறை வேலைக்கு வந்ததும் மறுயோசனையே இல்லாமல் சொல்வது, "மேடைக்கு மேல ரெண்டடிக்கு டைல்ஸ் ஒட்டிடுங்க மேஸ்திரி." தாளிக்கும்போது கடுகோடு எண்ணெயும் தெறிக்கும். மீன் வறுத்தால் சுவரெல்லாம் பிசுக்கு. மசாலா அரைத்த கை பட்டால் மஞ்சள் கறை. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிற ஒரு பரப்பு வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கிற செஞ்சியிலோ விழுப்புரத்திலோ அந்த யோசனை போதும். உப்பளத்தை ஒட்டிய ஊர்களில் போதாது. இங்கே சுவருக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது: முன்பக்கம் எண்ணெயும் ஆவியும், பின்பக்கம் உப்பு. கடைக்குப் போகும்போது முன்பக்கத்தை மட்டும்தான் யோசிக்கிறோம். சில வருடம் கழித்து டைல்ஸைத் தட்டிப் பார்த்துக் காலிச் சத்தம் வரும்போதுதான் பின்பக்கம் நினைவுக்கு வருகிறது.

"டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஓதம் நின்றுவிடும்."

நிற்காது, இடம் மாறும். தரைக்கு அடியிலிருந்து செங்கல் வழியே ஏறுகிற ஈரம், சுவரின் மேற்பரப்புக்கு வந்து காற்றில் உலர்ந்து போய்க்கொண்டிருக்கும். அந்தப் பரப்பை அடைத்துவிட்டால் உலர வேறு இடம் தேடி இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு ஒரு சாண் மேலே பெயின்ட் பொரிந்து கொட்டுகிற வீடுகளை இந்தப் பக்கம் எத்தனை வேண்டுமானாலும் காட்டலாம். சில வீடுகளில் அதே ஈரம் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில் போய்த் தலைகாட்டும்.

வெறும் தண்ணீர் ஏறினால்கூடச் சமாளிக்கலாம். உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஏறுகிறது. மற்றதை உப்பளத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை: பாத்தியில் நீர் வற்றினால் உப்பு நிற்கும். மரக்காணத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில், ஜனவரியிலிருந்து மழைக்காலம் நெருங்கும்வரை வெயில் செய்கிற அந்த வேலை, பூச்சுக்குள் ஆண்டு முழுக்க நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். பாத்தியில் உப்புப் படிகத்துக்கு வளர இடம் இருக்கிறது, பூச்சுக்குள் இல்லை. நுண்துளைக்குள் வளரும் படிகம் சுற்றியிருக்கும் சிமென்ட்டை நெட்டித் தள்ளுகிறது. பூச்சு மாவாகிறது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, பலரும் கவனிக்காதது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்து இரவுகள் அந்த 75ஐச் சாதாரணமாகத் தாண்டும். பகல் வெயிலில் இறங்கும். உலை கொதிக்கும்போது சமையலறைக்குள் மட்டும் திரும்ப ஏறும். ஆக, கரைவதும் உறைவதும் நாள் தவறாமல் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் தளர்கிறது. "மழையே இல்லையே, சுவர் எப்படி நனைஞ்சிருக்கு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். எங்கேயும் குழாய் ஒழுகவில்லை. சுவருக்குள் இருக்கிற உப்பு காற்றைக் குடிக்கிறது.

இப்படிப்பட்ட சுவரிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு டைலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்துப் பளபளப்பு அப்படியே இருக்கும். பின்பக்கம் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சிமென்ட் கலவை உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். இடைப்பட்ட வெற்றிடத்தில் வெள்ளை இழை இழையாக உப்பு நிற்கும், ஊதினால் பறக்கும். கலவையோடு சேர்ந்து சுவர்ப்பூச்சும் ஒரு பட்டையாகப் பெயர்ந்து வந்திருக்கும். அதை விரலால் தேய்த்தால் மணல் உதிரும். டைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருந்த சுவர் போய்விட்டது.

"எல்லாம் உப்பளக் காத்து பண்ற வேலை" என்பதும் பாதிதான் சரி. காற்றில் வரும் உப்பு ஜன்னல் கம்பியை அரிக்கும், வெளிச்சுவரில் படியும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கரையில் அடித்ததுபோல் சாய்மழை அடித்தால், அந்த உப்பு வெளிச்சுவருக்குள் இறங்கவும் செய்யும். ஆனால் சமையலறையின் உட்சுவரில், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்துக்குள் பூக்கிற உப்பு பெரும்பாலும் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, நிலத்திலிருந்து ஏறியது. மற்றொன்று, கட்டும்போது நாமே ஊற்றியது. செங்கல் நனைக்க, கலவை பிசைய, பூச்சுக்கு நீர் தெளிக்க என்று எல்லாவற்றுக்கும் மனையில் போட்ட போர் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. கடல் கலந்த கழிமுகத்தை ஒட்டிய ஒரு கிணற்று நீர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற நம்பிக்கை: "உப்பு பூத்த இடத்துல கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தேய்ச்சா போயிடும்." வெள்ளை மறைவது உண்மைதான். கடையில் விற்கும் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் குளோரைடு ஆகிறது. அதுவும் உப்புதான், சாதாரண உப்பைவிட மோசமான உப்பு. 75 சதவீத ஈரப்பதம்வரை அது காத்திருப்பதில்லை, 30 சதவீதத்தை ஒட்டியே நீரை இழுக்கும். கடலோரத்தில் காற்று அவ்வளவு காய்வது அபூர்வம் என்பதால், ஆசிட் குடித்த சுவர் அதற்குப் பிறகு நன்றாகக் காயவே காயாது. போதாக்குறைக்கு டைல்ஸ் இணைப்புகளில் இருக்கும் சிமென்ட்டையும் அந்த அமிலம் தின்றுவிடும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால்கூட அது திரும்பச் சுவருக்குள்தான் போகும்.

இனி பொருளுக்கு வருவோம். "விலை கூடின டைல்ஸ் நல்லா புடிக்கும்" என்று நினைத்துச் சுவருக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்குகிறார்கள். உறிஞ்சாத டைல்ஸ் அது, அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நீரை எடுக்கும். சாதாரணச் செராமிக் சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கும் மேல் எடுக்கும். சிமென்ட் பாலில் ஒட்டும்போது இதுதான் வினை. செராமிக் டைலின் முதுகு பாலை உறிஞ்சிக் கவ்விக்கொள்ளும், விட்ரிஃபைடு டைலில் கவ்வ எதுவும் இல்லை. அதற்கு டைல்ஸ் பசை கட்டாயம். பாக்கெட்டில் ஐ.எஸ். 15477 குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பசையை உருண்டையாக வைக்காமல், பல் கரண்டியால் முழுப் பரப்புக்கும் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். மேடைக்கு மேல் கால் மிதி இல்லை, பாரம் இல்லை. அந்த இடத்துக்குச் சாதாரணச் செராமிக்கே தாராளம் என்பது என் தீர்ப்பு. மிச்சமாகும் காசை இணைப்புப் பூச்சுக்குப் போடலாம். சிமென்ட் கிரௌட் எண்ணெயைக் குடிக்கும், மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும். எப்பாக்ஸி கிரௌட் அவ்வளவாகக் குடிக்காது. அதிலும் மஞ்சள் லேசாகத் தங்கினால் பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும் இயல்புடையது, ஜன்னல் பக்கம் என்றால் தானாகவே மங்கிவிடும்.

எவர்சில்வர் தகடு அடிக்கிறவர்களும் பெருகி வருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் "காந்தம் ஒட்டலன்னா அசல் ஸ்டீல், துருப்பிடிக்காது" என்ற சோதனை கடலோரத்தில் கைவிடும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 304 ரகத்திலும் ஒட்டாது. இரண்டும் ஒன்றல்ல. உப்புக் காற்றில் 202 சீக்கிரமே பழுப்புப் புள்ளி விடும். 304 தாக்குப்பிடிக்கும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டால். மாலிப்டினம் சேர்த்த 316 ரகம்தான் உப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும், விலையும் அதற்கேற்றபடி. வீட்டுச் சமையலறைக்கு 304 போதும். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். தகட்டை 304இல் வாங்கிவிட்டு இரும்பு ஆணியில் மாட்டாதீர்கள். துரு அங்கிருந்து தொடங்கும்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டும் ஸ்டிக்கரும் பி.வி.சி. பலகையும் அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும். மார்பிள், புளியும் எலுமிச்சையும் புழங்கும் நம் சமையலறைக்கு ஆகாது. புளிப்பு பட்ட இடம் மங்கும். திண்டிவனம் பக்கத்துக் கருப்புக் கிரானைட்டுக்கு அந்தப் பயம் இல்லை. கண்ணாடி என்றால் டஃபன் செய்ததாக இருக்க வேண்டும். பிளக் பாயிண்டுக்கான துளைகளை டஃபன் செய்யும் முன்பே போட்டாக வேண்டும், பிறகு துளைத்தால் மொத்தமும் நொறுங்கும். ஓதச் சுவரில் ஆயில் பெயின்ட் அடித்தால் கொப்புளம் போடும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் சுவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை மேடைக்கு மேலே சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் வியர்த்தால் அது சமையல் ஆவி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தீரும். சிங்க்கைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

உட்பக்கம் காய்ந்திருக்கிறதா, தாராளமாக டைல்ஸ் ஒட்டலாம். அடுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ரெண்டடியோடு நிறுத்தாமல் மேலே பரண்வரை ஏற்றிவிடுங்கள். எண்ணெய்ப் புகை ரெண்டடியில் நிற்பதில்லை.

உட்பக்கம் ஈரமா, டைல்ஸ் கடைக்குப் போகாதீர்கள். ஓதக் கறை தெரியும் எல்லைக்கு மேலும் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, உப்பைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, உப்பு வாருகிற அதே மாதங்களில் சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். மார்ச்சில் தொடங்கினால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் வீண். திரும்பப் பூசும்போது சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். அது ஈரத்தை வெளியே விடும். அந்த முழுச் சுவரையும் மூட வேண்டாம். அடுப்பின் அகலத்துக்கு மட்டும் ஒரு 304 தகட்டை, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கழற்றி மாட்டும்படி தொங்கவிடுங்கள். எண்ணெய் தகட்டில் நிற்கும், சுவர் பின்னால் காற்று வாங்கும், தகட்டை எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். மீதிச் சுவருக்கு வருடம் ஒருமுறை பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும். விருந்தாளி கண்ணுக்கு இது டைல்ஸ் அளவு பகட்டாக இருக்காது. ஆனால் ஓதச் சுவரை அடைக்காமல் எண்ணெயைத் தடுக்க இதைவிட மலிவான, நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். வீட்டுக்காரர் சுவரைக் கொத்த விடமாட்டார், தகட்டை மாட்ட இரண்டு துளைதான் வேண்டும். காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

இப்போதுதான் கடைக்கால் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பெல்ட் போட்டாச்சு, ஓதம் ஏறாது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெல்ட் என்பது கடைக்கால்மேல் ஓடும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை, அது பாரத்தைத் தாங்கும். ஈரத்தை மறிக்கத் தனியாக டி.பி.சி. என்கிற தடுப்பு அடுக்கு வேண்டும், அடர்ந்த கலவையில் ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டும் அதன்மேல் தார்ப்பூச்சும். பிற்பாடு வாசலிலோ தோட்டத்திலோ மண் கொட்டி அந்த மட்டத்துக்கு மேல் உயர்த்திவிடாதீர்கள், தடுப்பைத் தாண்டி ஈரம் ஏறிவிடும். செங்கல் நனைப்பதிலிருந்து பூச்சு ஆற்றுவதுவரை சோதித்த நல்ல தண்ணீரை லாரியிலாவது வாங்கி ஊற்றுங்கள். டைல்ஸின் நிறத்தைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கும் முன், இந்த இரண்டையும் கொத்தனாரிடம் பேசி முடித்துவிடுங்கள்.