பெட்ரோலுக்குள் மின்மோட்டார்: ஏன் தீப்பிடிப்பதில்லை?

கேள்வி: என்னிடம் 1991-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது. போன மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். விசாரித்தால், அந்த பம்ப் டேங்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிறதாம். மின்மோட்டார் என்றால் உள்ளே பொறி பறக்குமே, அது எப்படித் தீப்பிடிக்காமல் இருக்கிறது? அதை வீட்டிலேயே நான் மாற்றலாமா?
— ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: அருமையான கேள்வி. முதல் பாதிக்கு விடை தெரிந்துகொண்டால், வீட்டில் மாற்றும்போது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதும் தெளிவாகிவிடும். ஆகவே பொறியிலிருந்தே தொடங்குவோம்.

பெட்ரோலில் பொறி பட்டால் வெடிக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சினிமா அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு ஓர் அளவில் கலந்திருந்தால்தான் பற்றும். கலவையில் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீ பிடிக்காது, 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் பிடிக்காது, ஏனென்றால் அப்போது எரிவதற்குப் போதுமான காற்று இல்லை. மூடிய டேங்கில், திரவத்துக்கு மேலே உள்ள காலியிடத்தில், வழக்கமான தட்பவெப்பத்தில் ஆவியின் அடர்த்தி அந்த மேல் வரம்பைத் தாண்டியே நிற்கும்.

மோட்டாரின் உட்புறத்தில் இந்தப் பாதுகாப்பு இன்னும் கெட்டி. அடியில் உறிஞ்சப்படும் பெட்ரோல் மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து, சுழலும் பாகத்தைச் சுற்றி ஓடி, மேல்வாய் வழியே வெளியேறுகிறது. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ்கள் பொறி விடத்தான் செய்யும். ஆனால் அந்தப் பொறி விழுவது காற்றே இல்லாத திரவத்தில்.

சரி, வம்பை விலைக்கு வாங்குவானேன், பம்பை வெளியே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தவர்கள்தான். கார்புரேட்டர் காலத்தில் இன்ஜின் மேலேயே ஒரு சிறு பம்ப் உட்கார்ந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சூட்டில் எளிதாகக் கொதித்துக் குமிழியாகிவிடும். அந்தக் குமிழிகள் ஓட்டத்தை மறித்து வண்டியை நிறுத்துவதைத்தான் ‘வேப்பர் லாக்’, அதாவது ஆவி அடைப்பு என்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், பெட்ரோலை அழுத்திப் பீய்ச்சும் முறை. அதற்குக் குழாயில் 2 முதல் 3 பார் வரை அழுத்தம் வேண்டும் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஆழமான போர்வெல்லில் மோட்டாரை மேலே வைத்துத் தண்ணீரை இழுக்க முடியாமல் சப்மெர்சிபிளை உள்ளே இறக்குகிறோம் அல்லவா? அதே நியாயம்தான் இங்கும். கீழிருந்து தள்ளுவது சுலபம். சுற்றியிருக்கும் திரவமே மோட்டாரைக் குளிரவைக்கிறது. பெட்ரோல் உராய்வையும் தணிக்கிறது. டேங்கை எப்போதும் வற்ற வற்ற ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுவே.

இனி உங்கள் கார். பம்ப் போய்விட்டது என்று சொன்னவர்கள் அதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்களா? இந்த இடத்தில் நிதானம் மிக அவசியம். நல்ல பம்பைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டி, அதுவும் ஓடாமல் விழிப்பவர்கள் நிறைய.

இன்ஜின் அறையில் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்து ‘எஃப்/பி’, ‘ஜிஎன்டி’ என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இக்னிஷனை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சீட்டுகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டால் பம்புக்கு உயிர் இருக்கிறது. சத்தம் வந்தும் வண்டி ஓடவில்லை என்றால் அடைத்துக்கொண்ட ஃபில்டரையோ, மற்ற இணைப்புகளையோ சந்தேகியுங்கள்.

உங்களுடைய 1.6 லிட்டர் மாடலில் ஒரு விசேஷம் உண்டு. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் பம்புக்கு மின்சாரம் ஒரு வழியில் வருகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் வேறு வழியில் வருகிறது. இந்த இரண்டாவது வழியைத் திறப்பது, காற்றை அளக்கும் ‘ஏர் ஃப்ளோ மீட்டர்’ பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். அது கெட்டால், வண்டி ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் செத்துப்போகும். பம்ப் மேல் எந்தக் குற்றமும் இருக்காது. எனக்கு இந்தக் காரின் மீது மதிப்பு வருவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்: விபத்தில் இன்ஜின் நின்றால், காற்றோட்டம் நின்று, பெட்ரோலும் தானாக நின்றுவிடும்.

வயரை இணைத்தும் சத்தமே இல்லையென்றால், ஃபியூஸையும் ரிலேயையும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) பார்த்துவிட்டு, பம்பின் கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். அங்கே பேட்டரியின் வோல்டேஜ் முழுதாக வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பம்ப் அசையவில்லை என்றால்தான் அதற்கு மரணச் சான்றிதழ் எழுதலாம்.

மாற்றும் வேலை இந்தக் காரில் அப்படியொன்றும் கடினமில்லை. டேங்கை இறக்கத் தேவையில்லை. சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள தட்டின் கார்ப்பெட்டை உரித்தால் ஒரு தகட்டு மூடி. அதைத் திறந்தால் பம்பின் மூடி, கனெக்டர், ஹோஸ்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் மேலே சொன்ன கணக்கை இப்போது தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். பம்பின் மூடியைத் தூக்கியதும் ஆவி வெளியே வருகிறது, காற்றோடு கலக்கிறது, பற்றக்கூடிய அளவுக்கு இறங்குகிறது. டேங்குக்குள் இல்லாத ஆபத்து, நீங்கள் குனிந்து நிற்கும் இடத்தில் பிறக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, கராஜில் உள்ள பாய்லரின் சுடர்வரை போகும். ஆகவே கராஜ் வேண்டாம். திறந்தவெளியில், கூரையை மடக்கி, கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் பவுடர் அல்லது நுரைத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

டேங்க் 45 லிட்டர் கொள்ளும். பெட்ரோல் மட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெட்ரோலுக்கென்றே செய்த கைப்பம்பால் எடுங்கள். ஒருபோதும் வாயால் உறிஞ்ச வேண்டாம். பிரிட்டனில் அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் வீட்டில் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் கேன் என்றால் ஒன்றில் 10 லிட்டருக்கு மேல் கூடாது. நிரப்பும்போது கேன் தரையில் இருக்கட்டும், நிலைமின்சாரம் சேராது. பெட்ரோலை எடுக்கத் தொடங்கும் முன்பே டிக்கியில் உள்ள பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஓடாத வண்டியிலும் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கலாம். ஹோஸைத் துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள்.

பழைய பம்பைப் பிரிக்கும்போது எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அழுத்தம் ஏறாது. அடியில் உள்ள வலை வடிகட்டியையும் புதிதாகப் போடுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஒரு சாண் ஹோஸில். பம்பிலிருந்து மேல்குழாய்க்குப் போகும் அந்த ஹோஸ் உள்ளும் புறமும் பெட்ரோலில் ஊறுவது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸின் வெளிப்புறம் அதைத் தாங்காது. ஊதி, மெத்துப்போய், வெடிக்கும். உடனே புது பம்ப் மட்டம் என்று பழி விழும். ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்10’ என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ரகம் அது. விலை அதிகம்தான், ஆனால் உங்களுக்குத் தேவை சில அங்குலம்.

கேஸ்கட் புதிதாக இருக்கட்டும். மூடிகளைப் பூட்டி, பேட்டரியை இணைப்பதற்கு முன் ஆவி முழுவதும் கலைய நேரம் கொடுங்கள். கார்ப்பெட்டைப் போடாமல், அதே டயக்னோசிஸ் பெட்டியில் வயரைச் செருகி பம்பை ஓட்டி, ஹோஸ் இணைப்புகளில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் கழித்து, கூரையையும் கண்ணாடிகளையும் மூடி வைத்திருந்த காருக்குள் தலையை நீட்டி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள். கேஸ்கட் சரியாக உட்காரவில்லை, மறுபடியும் திறக்க வேண்டும்.