புது ஸ்கேன் மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?



மார்பகத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, நாலைந்து வருஷம் நன்றாக இருந்த ஒருவருக்கு இடுப்பெலும்பில் நோய் மறுபடி தலைகாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் உடனே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இந்த நோய் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் தயவில் வளர்கிறதா, இல்லையா? ஆம் என்றால், ஹார்மோனை அடக்கும் மாத்திரையாலேயே பலருக்கு நோயை நெடுநாள் கட்டுப்படுத்தி வைக்கலாம். இல்லையென்றால் அந்த மாத்திரை வீண். வேறு சிகிச்சைக்குப் போக வேண்டும்.

"அதான் அப்பவே கட்டியை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்களே!" என்பீர்கள். ஆனால், பரவிய நோய் பழைய கட்டியைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எலும்பில் ஒரு விதமாகவும் நுரையீரலில் வேறு விதமாகவும் இருக்கலாம். எல்லா இடத்திலும் ஊசி விட்டுச் சதை எடுப்பதும் நடக்கிற காரியமில்லை.

பெட் ஸ்கேன் என்பது, துளியளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கருவியால் பார்ப்பது. அந்தப் பொருளைச் சுவடு மருந்து என்று சொல்லலாம். வழக்கமாகப் போடுவது எஃப்.டி.ஜி. என்ற ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை அதிகம் இழுப்பதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆனால் காசநோய்க் கட்டியும் பளிச்சிடும், சீழ் கட்டிய இடமும் பளிச்சிடும். ஹார்மோன் விஷயத்தை இது சொல்லாது.

ஆகவே அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக் காட்சனெல்லன்போகன், செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்து வெல்ச் ஆகியோரின் குழுவினர், ஈஸ்ட்ரோஜனிலேயே கதிரியக்க ஃப்ளோரினைக் கோத்துப் பார்த்தார்கள். இந்த ஃப்ளோரின் 110 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 1984-ல் இப்படிச் செய்த நான்கு மருந்துகளை இளம் பெண் எலிகளுக்குக் கொடுத்தார்கள். மருந்து கருப்பையில் போய்ச் சேர்ந்தது. அதோடு விட்டார்களா? இல்லை. சாதாரண ஈஸ்ட்ரோஜனைத் தாராளமாகச் செலுத்தி, செல்லில் ஹார்மோன் உட்காரும் பீடத்தையெல்லாம் நிரப்பிவிட்டு, சுவடு மருந்தைக் கொடுத்தார்கள். கருப்பையில் சேரும் அளவு குறைந்தது. மருந்து சும்மா ரத்தத்தோடு போய்த் தேங்கவில்லை, அந்தப் பீடத்தைத் தேடித்தான் போகிறது என்பதற்கு இதுவே சாட்சி. எனக்குத் தெரிந்து இதைவிட எளிய, அழகான சோதனை வேறில்லை.

அவற்றில் தேறியதுதான் எஃப்.இ.எஸ். 1988-ல் மார்பகக் கட்டியுள்ள 13 பெண்களிடம் பார்த்தபோது, ஸ்கேனில் தெரிந்த அளவும், எடுத்த கட்டியில் ஆய்வுக்கூடம் அளந்த அளவும் நெருங்கி ஒத்துப்போயின. உறுப்புகளில் படும் கதிர்வீச்சையும் பிற்பாடு அளந்தார்கள். அதிகம் படுவது ஈரலில். மொத்தம் சுமார் 5 மில்லிசீவர்ட். இவ்வகை ஸ்கேன்களில் வழக்கமாகப் படுகிற அளவுதான்.

13 பேர் போதாது. தென்கொரியாவின் சியோலில், நோய் திரும்பிய அல்லது பரவிய 85 பெண்களிடம் ஸ்கேனையும் சதைப் பரிசோதனையையும் ஒப்பிட்டு, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சதையில் ஹார்மோன் பீடம் இல்லாத 38 பேரில் ஒருவரைக்கூட ஸ்கேன் "உண்டு" என்று தவறாகக் காட்டவில்லை. நூற்றுக்கு நூறு! இங்கேதான் அவசரப்படக் கூடாது. சதையில் பீடம் இருந்த 47 பேரில் 36 பேரைத்தான் ஸ்கேன் சரியாகக் காட்டியது. மீதி 11 பேர்? ஸ்கேனை மட்டும் நம்பியிருந்தால், அந்த 11 பெண்களுக்கும் பயன் தரக்கூடிய மாத்திரை கிடைக்காமலே போயிருக்கும்.

2020 மே மாதம் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தபோது இதை மனதில் வைத்தது. சதைப் பரிசோதனையோ நோயின் போக்கோ ஹார்மோன் சிகிச்சை பலன் தரும் என்று காட்டினால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாததை வைத்து அதைத் தள்ளக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு. இம்மருந்து ஈரலில் தானாகவே நிறையச் சேருவதால், ஈரலில் பரவிய நோய் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். எலி முதல் அனுமதி வரை 36 வருஷம் ஆயிற்று. "இவ்வளவு காலமா?" என்று கேட்கலாம். அந்த 11 பேரை எண்ணிப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

இந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ டாக்டர் சொன்னால், டமாக்சிஃபென் சாப்பிடுகிறீர்களா, ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போட்டிருக்கிறதா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலிக்குச் செய்த சோதனை மாதிரிதான். இவை பீடத்தை அடைத்துக்கொண்டால் நோய் இருந்தும் ஸ்கேனில் தெரியாது. அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பழைய சதைப் பரிசோதனைச் சீட்டு வீட்டில் எந்தப் பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.