புதிதாய்ப் பணியேற்கும் பட்டதாரிகளுக்கு

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்கள் பலவும், வாரத்தில் சில தினங்கள் அலுவலகத்திலும் எஞ்சிய தினங்கள் இல்லத்திலுமாகப் பணியாற்றும் முறையைக் கைக்கொண்டுவிட்டமையால், கல்லூரியிலிருந்து நேரே வேலைக்கு வரும் இளைஞர்கள் சில பழக்கங்களை ஆரம்பத்திலேயே அமைத்துக்கொள்வது உசிதம்.

● எந்தெந்த தினங்களில் அலுவலகம் வரவேண்டும், எந்தெந்த நேரங்களில் அழைப்புகளுக்குப் பதிலளிக்க வேண்டும், விடுப்பை எவ்வளவு முன்னதாகக் கோரவேண்டும் என்பவற்றை முதல் வாரத்திலேயே மேலாளரிடம் கேட்டறிந்து, அவர் கூறியதை மின்னஞ்சலில் எழுதி ஊர்ஜிதம் செய்துகொள்க.

● குழுவினர் வரும் தினத்திலேயே நீங்களும் அலுவலகம் சென்று, தனியே செய்யக்கூடிய வேலையை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அனுபவஸ்தர்கள் பிழை கண்டு திருத்தும் விதத்தையும், வாடிக்கையாளரிடம் பேசும் பாங்கையும் அருகிருந்து கவனிக்க.

● ஐயம் எழுந்தால் அரைமணி நேரம் சுயமாக முயன்று, அதன்பின் முயன்றவை இன்னின்ன என்று விவரித்துக் கேட்க. கூச்சத்தால் ஒரு முழு நாளை மௌனமாய்க் கழிப்பது உங்களுக்கும் நஷ்டம், குழுவுக்கும் நஷ்டம்.

● இல்லத்தில் பணிக்கென ஓர் இடத்தை நிச்சயித்து, மின்சாரமோ இணையமோ தடைப்படின் உதவுமாறு கைபேசி இணையத்தை ஆயத்தமாய் வைத்திருக்க; பணிநேரத்தைக் குடும்பத்தாருக்கும் தெரிவிக்க.

● மாலையில் செய்து முடித்ததையும் எஞ்சியதையும் மூன்று வரிகளில் குழுவுக்கு எழுதியபின், மடிக்கணினியை மூடிவிடுக.

நேரத்தை நம் வசம் ஒப்படைத்தவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது நாணயத்தையே. அதனை முதல் மாதத்திலேயே நிலைநாட்டுங்கள்.