பெர்சிப்பொலிஸ்: படிக்கட்டும் படிக்கணக்கும்

அன்புள்ள இனியா,

பெர்சிப்பொலிஸ் அரண்மனையை அடிமைகள்தான் கட்டினார்களா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் கட்டடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஈரானின் ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே, ஒரு மலையடிவாரத்தில், பாறையைச் செதுக்கியும் பள்ளத்தைத் தூர்த்தும் பெரிய கல்மேடை ஒன்றை எழுப்பினான் பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ். வேலை தொடங்கியது கி.மு. 518 வாக்கில். மேடையின் பரப்பு ஒன்றேகால் லட்சம் சதுர மீட்டர். கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. இரும்புக் கவ்விகளால் பிணைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டார்கள்.

மேலே ஏற 111 படிகள். ஒவ்வொன்றும் சுமார் 10 செ.மீ. உயரம்தான். குதிரை ஏறுவதற்காக என்பார்கள். நீண்ட அங்கி அணிந்த பெரிய மனிதர்கள் மூச்சு வாங்காமல் ஏறத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது.

ஏறிப்போனால் அபதானா என்னும் சபை மண்டபம். டேரியஸ் தொடங்கியதை மகன் செர்க்ஸஸ் முடித்தான். ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தில் 72 தூண்கள். இன்று 13 நிற்கின்றன. தூண்களின் தலையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைக் காளைகள். அவற்றின் மேல் மர உத்தரங்கள். தூணுக்குத் தூண் எட்டு மீட்டருக்கு மேல் இடைவெளி! கல் உத்தரம் அவ்வளவு தூரம் தாங்காது, விரிசல் விட்டுவிடும். அந்த விசாலத்தைக் கொடுத்த மரமே வினையாகவும் ஆயிற்று. கி.மு. 330இல் அலெக்சாண்டரின் ஆட்கள் வைத்த தீயில் கூரை மொத்தமும் எரிந்து விழுந்தது.

அபதானாவின் படிக்கட்டுச் சுவரில் 23 நாட்டுக் குழுக்கள் காணிக்கையோடு வருகின்றன. சிந்துப் பகுதியார் கழுதையோடு வருகிறார்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் அரண்மனை ஆட்கள் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். போர்க்காட்சி ஒன்றுகூட இல்லை. இந்த அமைதிக் காட்சியை நான் அப்படியே நம்பமாட்டேன். பெஹிஸ்துன் என்ற இடத்துப் பாறைச் சிற்பத்தில் இதே டேரியஸ் எதிரியின் மேல் காலை ஊன்றி நிற்கிறான்.

இனி உன் கேள்வி. 1933இல் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டின் அகழாய்வுக் குழுவினர் கோட்டைச் சுவரை ஒட்டி ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளைக் கண்டெடுத்தார்கள். பெரும்பாலும் ஈலமிய மொழியில் எழுதிய தானியக் கணக்கு. எகிப்தியர், பாக்டிரியர் என்று எங்கெங்கிருந்தோ வந்த வேலையாட்களுக்கு வாற்கோதுமையும் மதுவும் படியளந்திருக்கிறார்கள். கருவூலத்தில் கிடைத்த பிற்காலப் பலகைகளில் கூலியின் ஒரு பகுதி வெள்ளியாகவும் வருகிறது. பெண்களும் பட்டியலில் உண்டு. மேற்பார்வை பார்த்த பெண்களுக்குப் பல ஆண்களைவிட அதிகப் படி. பிள்ளை பெற்றவளுக்குத் தனிப்படியும் உண்டு. ஆனால் ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. உனக்குக் கோபம் வரும்; வரட்டும்.

ஆகவே, சாட்டையடியில் சோறின்றிக் கட்டியது என்று சினிமா காட்டுவது போலச் சொல்ல முடியாது. அதற்காக எல்லாரும் விரும்பி வந்த கூலியாட்கள் என்றும் சொல்லிவிடாதே. தோற்ற நாடுகளிலிருந்து மக்களைப் பெயர்த்துக் கொண்டுவருவது அந்த அரசர்களுக்குப் புதிதல்ல. படி வாங்கியவர் நினைத்தபோது ஊர் திரும்ப முடிந்ததா என்பது கணக்கனுக்குத் தேவைப்படவில்லை, அவன் எழுதவில்லை.

அன்புடன்,
பெரியம்மா