வெளிச்சத்திற்கும் சத்தத்திற்கும் இடையில்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



2013 பிப்ரவரி 15. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்று ஒரு சிறுகோள் பூமியிலிருந்து 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்காகக் காத்திருந்தார்கள். ஆனால் அதற்குச் சில மணி நேரம் முன்பே, அதனோடு தொடர்பே இல்லாத வேறொரு கல், சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. அதை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதி; காலை 9.20 மணி. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள அந்தக் கல், நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஆனால் சத்தமே இல்லை. என்னவென்று பார்க்கப் பலர் ஜன்னலருகே போனார்கள். இரண்டு நிமிடங்களுக்கும் மேலான பிறகுதான் அதிர்வலை நகரை எட்டியது. கண்ணாடிகள் நொறுங்கின. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். அல்லாஹ்வின் கருணையால் யாரும் இறக்கவில்லை.

அங்கே ஒரு பள்ளி ஆசிரியை, வெளிச்சத்தைக் கண்டவுடன், காரணம் தெரியாமலேயே தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் ஒளியச் சொன்னார். 44 பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை. நின்றுகொண்டிருந்த அவருடைய கையைத்தான் கண்ணாடி கிழித்தது.

இதை அந்த ஊருக்கு இறங்கிய தண்டனை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அந்த அறிவு நமக்குக் கொடுக்கப்படவில்லை. எரிநட்சத்திரம் விழுந்தால் ஒரு பெரிய மனிதர் பிறந்தார் அல்லது இறந்தார் என்று அறியாமைக் காலத்தில் நம்பினார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது விழுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அதே நேரம், வானத்தில் இருப்பவன் கல்மழையை அனுப்பமாட்டான் என்று அச்சமற்று இருக்கிறீர்களா என அல்குர்ஆனின் 67ஆம் அத்தியாயம் நம்மைக் கேட்கிறது. காற்று மண்டலத்தை அல்லாஹ் நமக்கு மேலே வைத்திருப்பதால்தான் அந்தக் கல் உயரத்திலேயே சிதறியது. பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள ஒரு கல், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோ பகுதியில் மோதியபோது, பூமியின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்தன. நாம் பாதுகாப்பாக இருப்பது நம் திறமையால் அல்ல.

சகோதரர்களே! நமக்கும் வெளிச்சம் தெரிந்துவிட்டது. நரைத்த முடி, மருத்துவரின் அறிக்கை, போன வாரம் நாம் தோள் கொடுத்த ஜனாஸா. சத்தம்தான் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் நாம் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறோமா, அல்லது அந்த ஆசிரியையைப் போல நம் பொறுப்பில் உள்ளவர்களைக் காக்கிறோமா? விட்ட தொழுகையும், திருப்பித் தராத கடனும், பேசாமல் இருக்கும் உடன்பிறப்பும் காத்திருக்கின்றன. தவ்பாவை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இன்று அஸருக்கு முன்பே ஒன்றையாவது சரிசெய்யுங்கள்.

அவகாசம் முடியுமுன் திருந்துகிற கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.