மாயை என்னுஞ் சொற்பொருள்

ஒரு சொல் பல சமயங்களினும் வழங்குதல் கொண்டு, அஃது எங்கணும் ஒரு பொருளையே குறிக்குமெனத் துணிதல் இழுக்குடைத்து. மாயை என்னுஞ் சொல்லே இதற்குச் சான்றாம். உலக வழக்கில் அது பொய்த்தோற்றம் என்னும் பொருட்டாய் நிற்றலின், சித்தாந்த நூல் பயிலப் புகுவோருட் சிலர் அப்பொருளையே உட்கொண்டு மயங்குகின்றனர். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சுவேதாசுவதர உபநிடதத்து நான்காம் அத்தியாயம் மாயையைப் பிரகிருதி எனவும், அதனையுடையானை மகேசுவரன் எனவும் கூறும். இவ்வொரு வாக்கினையே பல மதத்தினரும் தத்தம் கொள்கைக்கியையக் கொள்வர். சங்கரர் மரபினர், மாயை உள்பொருளென்றாதல் இல்பொருளென்றாதல் சொல்லவொண்ணாத அநிர்வசனீயம் என்பர். கயிற்றிலே தோன்றிய பாம்பு கயிற்றை உணர்ந்தவழி ஒழியுமாறுபோல, பிரமஞானத்தால் அஃது ஒழியும் என்பது அவர் கருத்து. அவரும் உலகினை முயற்கோடுபோல முழுதும் இன்றென்னாது, வியவகாரத்தில் உண்மை உடன்படுதல் நோக்கத்தக்கது. இராமாநுசர், விசித்திரமான படைப்பிற்கு ஏதுவாதலின் பிரகிருதி மாயை எனப்பட்டதென்றும், உலகம் மெய்யே என்றும் கொள்வர்.

இனி, சித்தாந்தத்தில் மாயை என்றுமுள்ள சடப்பொருள், உலகிற்கு முதற்காரணம். குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்டசக்கரங்கள் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உலகிற்கு மாயையும் சத்தியும் இறைவனும் முறையே காரணமாதல் கொள்க. எல்லாம் ஒடுங்குதற்கும் மீளத் தோன்றுதற்கும் இடனாதலின் மாயை எனப் பெயர்த்தென்ப. சுத்தமாயையினின்று சிவதத்துவம் 5, அசுத்தமாயையினின்று வித்தியாதத்துவம் 7, பிரகிருதிமாயையினின்று ஆன்மதத்துவம் 24, ஆகத் தத்துவம் 36 தோன்றும்.

அற்றேல், மாயை மும்மலத்துள் ஒன்றாய் உயிரை மயக்குமென நூல்கள் கூறுதல் என்னையெனின், கூறுதும். ஆணவம் உயிரறிவை மறைக்கும் இருள். மாயை, தன் காரியமாகிய தனு கரண புவன போகங்களால் அவ்விருளிடைச் சிறிதே விளக்கும் விளக்கு. அவ்விளக்கொளியையே பகலெனக் கருதுதல் மயக்கம். விடிந்தபின் விளக்கு வேண்டப்படாதாவதன்றிப் பொய்யாதல் இல்லை.

இவ்வேறுபாடு சொல்லளவில் நில்லாது. மாயையைப் பொய்யெனக் கொண்டு எம் நூல்களை ஓதின், உடம்பும் உலகும் பொய்யாம். பொய்யாகவே, அவற்றை உயிர்களின் பொருட்டு இறைவன் அளித்தான் என்னும் அருளும் பொருளற்றதாம். சரியை கிரியைகளும் நிலைபெறா. அங்ஙனமே, எம் பொருளை ஏற்றிப் பிறர் நூலைக் குறைகூறுதலும் நேரிதன்று. ஆகலின் எந்நூலை எடுப்பினும், அந்நூலாசிரியர் அச்சொற்கு வகுத்த பொருளை முதற்கண் தெளிக. உடன்படுதலும் மறுத்தலும் அதன்பின் ஆகுக.