கேட்சரின் இடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாடிவாசல்கள் மிகுந்த புதுக்கோட்டைச் சீமையில், பாய்ந்து வரும் எதற்கும் எதிரே நிற்கத் துணிவு ஒன்றே போதும் என்னும் அபிப்பிராயம் வேரோடியிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால், திமிலைத் தவிர வேறெதையும் பற்றலாகாது என்று விதியுள்ள மாடுபிடியிலேயே, எங்கே நிற்பது, எப்போது தாவுவது, எப்போது கைவிடுவது என்பவற்றைப் பழகாமல் இறங்குகிறவனை மூத்தவர்கள் கடிந்து விலக்குவதைக் கண்டிருக்கிற நாம், பள்ளி மைதானத்தில் சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளின் விஷயத்தில் மாத்திரம் அந்த விவேகத்தை மறந்துவிடுகிறோம். மட்டையடிப்பவருக்குப் பின்னே குந்தியமர்ந்து பிட்சர் எறியும் பந்துகளை ஏந்துகிற கேட்சரைப் பற்றி வழங்கிவரும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பரிசீலிப்பது இக்காரணத்தால் அவசியமாகிறது.

பந்து பெரியதாகையால் பட்டாலும் காயமிராது என்பது முதலாவது. பெரியதுதான், சுற்றளவு 12 அங்குலம். ஆனால் கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம் வரை இருக்க, இதன் எடையோ ஏறக்குறைய 178 முதல் 198 கிராம் வரை. 1887-இல் சிகாகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றின் கூடத்தில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கழியை மட்டையாகவும் வைத்து வேடிக்கையாகத் தொடங்கிய ஆட்டத்தில் வேண்டுமானால் இந்நம்பிக்கை பொருந்தியிருக்கலாம். இன்றோ பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து, அதாவது கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கிலிருந்து, பந்து விரைந்து வருகிறது. மட்டையின் விளிம்பில் உராய்ந்து திசை மாறினால் கேட்சருக்குக் கண் இமைக்கவும் அவகாசமில்லை. முகமூடியும் தொண்டைக் காப்பும் மார்க்காப்பும் கால்காப்பும் கோழைக்குரியவை என்பாரும் உளர். பேஸ்பாலில் 1907-ஆம் வருஷம் ரோஜர் பிரெஸ்னஹான் என்னும் நியூயார்க் கேட்சர், கிரிக்கெட்காரர்களின் பேடைப் போன்ற கால்காப்புகளை அணிந்து வந்தபோது பரிகாசம் செய்த கூட்டம், இவர்களுக்கு மூத்த தலைமுறை. பள்ளியில் முகமூடி இல்லையென்றால் அன்றைக்குக் கேட்சரும் இல்லை. பிட்சர் சுவரை நோக்கி எறிந்து பழகட்டும் என்பது என் கட்சி.

விக்கெட் கீப்பிங் தெரிந்த பையனுக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்கிறவர்களே அதிகம். இதில்தான் பெரும்பாலான தீங்கும் விளைகிறது. கீப்பருக்கு இரு கைகளிலும் கையுறை உண்டு, கேட்சருக்கு ஒன்றுதான். வெறுங்கையைக் கட்டைவிரல் உள்ளே மடங்கும்படி மூடி உடம்புக்குப் பின்னே மறைத்துக்கொள்ளாதவன், என்றாவது ஒருநாள் விரலை ஒடித்துக்கொள்வான். தரையில் குத்தி வரும் பந்தையோ, கீப்பரைப் போல் அள்ளிப் பிடிக்க முயலாமல், அவன் உடம்பால் தடுத்து நிறுத்த வேண்டும்: இரு முழங்கால்களும் ஏககாலத்தில் மண்ணில் விழ, கையுறை தொடைகளுக்கிடையே உள்ள சந்தை அடைக்க, தோள்கள் உள்வளைந்து மார்பு பந்தின்மேல் கவிய, மோவாய் நெஞ்சில் பதிய, பந்து மார்க்காப்பில் பட்டுக் காலடியில் செத்து விழுவதே அவனுடைய வெற்றி. செம்மண்ணும் சரளையும் கலந்த நம் மைதானங்களில் பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாததால், இந்த வித்தை நமக்கு இரட்டிப்பு அவசியம். பந்து எதிரே வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்புவது மனித சுபாவம். திருப்பிய மாத்திரத்தில் காதோரமும் கழுத்தும் காப்பின்றி வெளிப்படுகின்றன. இந்தச் சுபாவத்தை அதட்டலால் மாற்ற இயலாது. கைகளைப் பின்னால் கட்டச் செய்து, முழுக் காப்புகளோடு உட்காரவைத்து, நாலைந்து அடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை மெல்லத் தூக்கிப்போட்டு, மார்பில் வாங்கப் பழக்குகிற பொறுமையுள்ள பி.டி. சாரிடம் சில வாரங்களில் அது தானே மாறும்.

ஓட மாட்டாதவனைக் கேட்சராக உட்கார வைத்துவிடலாம் என்பது இன்னொரு சௌகரியமான கொள்கை. உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து, பாதங்களைத் திருத்தி, இரண்டாம் பேஸுக்கு 84 அடி 10 அங்குல தூரம் குறி தவறாது எறிய வேண்டியவன் அவனே. பிட்சரின் கையை விட்டுப் பந்து விடுபட்ட கணத்தில் புறப்படும் ஓட்டக்காரர் கடக்க வேண்டியதோ 60 அடிதான். தவிர, களம் முழுவதையும் எதிர்நோக்கியிருப்பவன் அவன் ஒருவனே. மந்தபுத்திக்காரனுக்கு அது ஏற்ற ஆசனமன்று.

ஓடிவருபவரை உடம்பால் மறித்து நிறுத்துவது கேட்சரின் வீரம் என்பதும் பிழை. கையில் பந்தில்லாமல் வழியை அடைப்பது விதிப்படி குற்றம்.

கடைசியாக, முழங்கால் வலி வளர்கிற பிள்ளைக்கு சகஜம் என்று தைலம் தேய்த்துவிடும் வழக்கம். ஏறக்குறைய 10 முதல் 15 வயது வரை, முழங்காலுக்குக் கீழே தசைநாண் வந்து பற்றும் எலும்பு முனை இன்னும் முதிராதிருப்பதால், ஓயாது குந்தி எழும்போது அவ்விடம் இழுபட்டு வீங்குவதுண்டு. அதற்கு மருந்து முதலில் ஓய்வு. பிட்சருக்குப் பந்தைத் திருப்பி எறிந்து எறிந்து தோளும் அவ்வாறே களைக்கிறது. ஆகையால் அணிக்கு இரண்டு கேட்சர்களையாவது தயார் செய்து, முறை மாற்றி அமர்த்தி, கத்திரி வெயிலில் காப்புகளுக்குள் பிள்ளைகள் வெந்துபோகாதபடி, பயிற்சியைக் காலைப் பிரார்த்தனை மணிக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.